தொண்ணூற்றொன்பது சதுர மைல்

அளவுக்காரர்கள் அடுத்த வாரம் மவ்ரோகாம்போவுக்கு வருகிறார்கள் என்று ஊர்த்தலைவரான முக்தார் காப்பிக்கடையில் அறிவித்த அன்று, ஊரில் அத்தனை பேரும் தங்கள் வயலை நினைத்தார்கள். கிறிஸ்தல்லு ஒருத்திதான் அடுத்தவன் வீட்டை நினைத்தாள்.

ஆகஸ்டில் சைப்ரஸுக்குச் சுதந்திரம். ஆனால் வெள்ளைக்காரன் முழுதாகவா போவான்? தீவைக் கொடுத்துவிட்டு, விமானமும் பட்டாளமும் நிறுத்த இரண்டு துண்டு மட்டும் என்றைக்கும் எனக்கே என்றான். நூற்றறுபது சதுர மைல் கேட்டான். நம்மவர்கள் முப்பத்தாறு என்றார்கள். மாட்டுச்சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடிப்பதுபோல ஐந்து மாதம் பேரம் நடந்து, தொண்ணூற்றொன்பதில் முடிந்தது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று பெரியவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போனார்கள். அந்தத் தொண்ணூற்றொன்பதின் விளிம்பு எவன் வீட்டு வாசல் வழியாகப் போகிறது என்பதை மட்டும் அளவுக்காரனிடம் விட்டுவிட்டார்கள்.

காப்பிக்கடைக்குள் பெண்கள் போவதில்லை. சேதியைக் கொண்டுவந்தவன் அவளுடைய அக்காள் மகன் தோஃபி. மூன்று வருஷம் வெள்ளைக்காரனை எதிர்த்து மலையில் துப்பாக்கியோடு திரிந்துவிட்டு, சமாதானம் வந்த பிறகு இறங்கிவந்தவன்.

"சித்தி, விதி ரெண்டே ரெண்டுதானாம். ஊரை உள்ள இழுக்கக் கூடாது. கோட்டோரத்துல யாரோட நிலமாவது இருந்தா, அதுக்குப் பட்டா வச்சிருக்கிற எல்லாரும் சம்மதிக்கணும். ஒருத்தர் மாட்டேன்னாலும் வெளியே விட்டுடணும்."

"ஹம்பிஸ் என்ன சொன்னான்?"

"அவன் எதுக்குச் சொல்லணும்? நேத்தே முகாமுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுட்டான். வீடும் நாலு தோனும் அளவு நிலமும் கோட்டுக்கு உள்ள. இனிமே அவன் வெள்ளைக்காரன் மண்ணுல காலை நீட்டித் தூங்குவான். நம்ம போலீசும் உள்ள போக முடியாது, நம்ம பசங்களும் போக முடியாது."

"இதுவரைக்கும் மட்டும் போய்க் கிழிச்சீங்களாக்கும்."

தோஃபிக்கு முகம் சிவந்தது. "வெள்ளைக்காரன் கப்பலேறுற வரைக்கும் யாரையும் தொடக் கூடாது, ஒப்பந்தம் கெட்டுப்போகும்னு மேல இருந்து உத்தரவு சித்தி. ஆகஸ்ட் பதினாறாம் தேதி விடியட்டும். அன்னிக்கு அவன் வீடு கோட்டுக்கு வெளியே இருந்தா, அப்புறம் அவன் பொழுது சாய்றதைப் பார்க்க மாட்டான். உள்ள இருந்தா, நான் ஒண்ணும் பண்ண முடியாது."

கிறிஸ்தல்லு உள்ளே போய் மரப்பெட்டியைத் திறந்து, தன் அம்மாவின் சீதனக் காகிதங்களைத் தரையில் பரப்பினாள்.

ஹம்பிஸ் மேல் அவளுக்கு என்ன பகை என்று மவ்ரோகாம்போவில் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஜூலை மாதம் பட்டாளம் ஊரைச் சுற்றி வளைத்தது. ஆண்பிள்ளைகளை எல்லாம் கோயில் முற்றத்தில் வரிசையாக நிறுத்தி, ஒரு ஜீப்பின் முன்னால் ஒவ்வொருவராக நடத்தினார்கள். ஜீப்பில் தலையில் சாக்கு மாட்டிய ஒருவன் உட்கார்ந்திருந்தான். கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. சாக்கு ஆடாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். ஆடினால் லாரிக்கு. கிறிஸ்தல்லுவின் மகன் ஸீனோன் முன்னால் வந்தபோது சாக்கு ஆடியது. அவனுக்கு அப்போது பத்தொன்பது வயது.

சாக்குக்காரன் அந்த வெயிலிலும் கோட்டு போட்டு, இரண்டு கையையும் பைக்குள் வைத்திருந்தான். ஸீனோனை லாரியில் ஏற்றுகிற நேரம் பார்த்து உச்சிக்கால மணி அடித்தது. மணி அடித்தால் சிலுவை போட்டுக்கொள்வது நம்மவர்களுக்கு மூச்சு விடுவதுபோல. காட்டிக்கொடுக்கிறவனும் நம்மவன்தானே. பையிலிருந்து கையை எடுத்துச் சிலுவை போட்டுக்கொண்டான். இடது கையால் போட்டான்.

ஊரில் இடது கையால் சிலுவை போடுகிறவன் ஒருவன்தான். வெடி வைத்து மீன் பிடிக்கப் போய், வலது கையில் மூன்று விரலைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு வந்த ஹம்பிஸ். சிலுவை போடச் சேர்க்க வேண்டிய அதே மூன்று விரல். 'சாமி உன்னைக் கண்டா முதுகைத் திருப்பிக்குவாருடா' என்று அதற்காக அவனை எத்தனை கேலி செய்திருக்கிறார்கள். கேலி செய்தவர்களில் கிறிஸ்தல்லுவும் ஒருத்தி. ஏனென்றால் அவன் அவளுக்குக் கும்பாரன். ஸீனோனைக் கைக்குழந்தையாக ஞானஸ்நானத் தொட்டியில் ஏந்தி எண்ணெய் பூசிய ஞானத்தகப்பன்.

மூன்றாம் நாள் உடலைக் கொடுத்தார்கள். தப்பி ஓடப் பார்த்தான், சுட்டோம் என்றார்கள். பின்னால் கட்டிய கையோடு எப்படி ஓடினான் என்று அவள் கேட்டாள். யாரும் மொழிபெயர்க்கவில்லை.

அளவுக்காரர்கள் வந்த நாள் நல்ல வெயில். கேப்டன் ஹால்ஃபோர்ட் என்ற வெள்ளைக்காரன் வரைபடத்தோடு முன்னால் நடந்தான். நிலப்பதிவு அலுவலகத்துப் பியேரிஸ் நம் ஆள், மொழிபெயர்க்கவும் அவன்தான். பின்னால் இரண்டு சிப்பாய்கள் வெள்ளையடித்த இரும்பு முளைகளைச் சுமந்து வந்தார்கள். ஊர் சார்பில் முக்தார். முளை அடிக்கிற சத்தம் கேட்டு ஊரே பின்னால் வந்தது.

ஹம்பிஸின் வீடு மேட்டின் கடைசியில், முகாம் வாசலுக்கு ஐம்பது அடி தூரத்தில் இருந்தது. பெண்டாட்டி பிள்ளை கிடையாது. தானே நாற்காலி எடுத்துப் போட்டு, கேப்டனுக்குக் காப்பியும் பழப்பாகும் கொண்டுவந்து வைத்தான். மாப்பிள்ளை வீட்டாரை உபசரிப்பதுபோல இருந்தது அவன் குழைந்த குழைவு. சிப்பாய் ஒருவன் முற்றத்துக்கு வெளிப்பக்கமாக முளையை ஊன்றிச் சம்மட்டியை ஓங்கினான்.

"அடிக்காதே" என்றாள் கிறிஸ்தல்லு. கூட்டம் விலகி அவளுக்கு வழிவிட்டது. "இந்தத் துண்டுல எனக்கும் பட்டா இருக்கு. எனக்குச் சம்மதம் இல்லை."

ஹால்ஃபோர்ட் வரைபடத்தைப் பார்த்தான். பியேரிஸ் மூலமாகச் சொன்னான்: "தப்பா வந்திருக்கீங்கம்மா. இது முழுக்க ஹம்பிஸ் பேர்ல இருக்கு."

"மண்ணு அவனுது. மரம் என்னுது."

முற்றத்தின் நடுவில் ஒரு பெரிய கரோப் மரம் நின்றது. பாகு காய்ச்சுகிற காய் கொத்துக்கொத்தாகக் கருத்துத் தொங்கியது. ஹால்ஃபோர்ட் மரத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், சிரித்துவிட்டான். "மண் ஒருத்தருக்கு, மரம் இன்னொருத்தருக்கா?"

"தண்ணி இருந்திருந்தா அது மூணாவது ஆளுக்கு" என்றார் முக்தார். "இங்க அப்படித்தான் துரை. மரத்தைச் சீதனமாக் கொடுப்போம், மண்ணை வச்சுக்குவோம். எண்பது வருஷமா ஆண்டீங்களே, யாரும் சொல்லலியா?"

அவள் மார்பிலிருந்து காகிதத்தை எடுத்துப் பியேரிஸிடம் கொடுத்தாள். பியேரிஸ் அதை இரண்டு தடவை படித்தான். துருக்கியர் காலத்து முத்திரை, அதன் மேல் வெள்ளைக்காரன் முத்திரை. செல்லும் என்றான். சொல்லும்போது அவன் குரலில் கொஞ்சம் சந்தோஷம் இருந்ததை ஊர் கவனித்தது.

ஹம்பிஸ் காப்பித் தட்டைக் கீழே வைத்தான். "என்ன கிறிஸ்தல்லு இது? ஒரு மரத்துக்காக இந்த வெயில்ல ஏறி வரணுமா? காயெல்லாம் உனக்குத்தான். எப்ப வேணா வந்து பறிச்சுக்கோ."

"ரெண்டு வருஷமா நான் பறிக்கலியே, கும்பாரே. ஏன்னு ஒரு தடவை கேட்டியா?"

அவன் கேப்டன் பக்கம் திரும்பினான்.

"சரி, இப்ப ஒரு சிலுவை போட்டுக்கோ. ஊரே வந்திருக்கு, எல்லாரும் பார்க்கட்டும். எந்தக் கையால போடுவே?"

கூட்டத்தில் யாரோ துப்பினார்கள். ஹம்பிஸ் இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான். விட்ட பிறகுதான் தான் செய்தது என்ன என்று அவனுக்கே உறைத்தது. கிறிஸ்தல்லுவுக்கு இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக நெஞ்சு குளிர்ந்தது.

ஹால்ஃபோர்ட் முட்டாள் இல்லை. விஷயம் மரம் இல்லை என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. தன் ஆளைக் காப்பாற்ற வேண்டும், விதியையும் மீறக் கூடாது. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு வரைபடத்தை நாற்காலியில் விரித்தான்.

"அம்மாகிட்ட சொல்லு பியேரிஸ். மொத்தம் தொண்ணூற்றொன்பது. ஒரு முழம் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இங்கே நாலு தோனும் வெளியே போனா, இதே ஊர்ல இருந்து நாலு தோனும் உள்ளே வரணும். அதுக்குக் கையெழுத்து விழுற வரைக்கும் இந்தக் கோடு நகராது. இந்த மேட்டுக்குக் கீழே, கோட்டை ஒட்டி, சரியா நாலு தோனும் ஒரு துண்டு இருக்கு. யாருது அது?"

யாருடையது என்று அவனுக்குத் தெரியும். வரைபடத்தில் பெயர் இருந்தது. அது கிறிஸ்தல்லுவின் நிலம். அதில் அவள் மகள் தெஸ்பினுவுக்காக ஒரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. சுவர் இடுப்பு உயரம் வந்துவிட்டது. கல்யாணம் நிச்சயமாகி எட்டு மாதம். வீடு இல்லாமல் பெண்ணை யாரும் கூட்டிக்கொண்டு போவதில்லை. வீடு பெண் வீட்டார் கடமை. நிலத்துக்கு இழப்பீடு உண்டுதான். அது வருகிறபோது வரும், அதுவரைக்கும் எந்த மாப்பிள்ளையும் காத்திருக்க மாட்டான்.

"இப்ப மரத்தை மறந்துடலாமான்னு துரை கேக்குறாரு" என்றான் பியேரிஸ் தலையைக் குனிந்துகொண்டு.

முக்தார் அவள் கையைப் பிடித்தார். "வேண்டாம் கிறிஸ்தல்லு. தன் மூக்கை அறுத்துக்கிட்டு எதிரிக்குச் சகுனத்தடை பண்ற கதையா இருக்கு. வீட்டுக்குப் போ."

"மூக்கு என்னுதுதானே முக்தாரே."

மூக்கு அவளுடையது இல்லை, மகளுடையது. அதை அந்த இடத்தில் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. அவள் பேனாவை வாங்கி, எழுத்துக் கூட்டி, மரத்துக்கு மறுப்பு, நிலத்துக்குச் சம்மதம் என்று இரண்டு காகிதத்திலும் தன் பெயரை எழுதினாள். சிப்பாய்கள் முளையைத் தூக்கிக்கொண்டு ஹம்பிஸின் வீட்டைத் தாண்டிப் பின்பக்கம் போய் அடித்தார்கள். ஹம்பிஸ் ஒவ்வொரு அடிக்கும் கண்ணைச் சிமிட்டினான்.

"பதினாறாம் தேதி பார்க்கலாம் கும்பாரே" என்று சொல்லிவிட்டு அவள் மேட்டை இறங்கினாள்.

சேதி அவளுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. தெஸ்பினு அடுப்பங்கரையில் நின்றுகொண்டிருந்தாள். இருபது வயதுப் பெண், அதிகம் பேசாதவள், அண்ணன் செத்தபோதுகூட அம்மாவைப் பிடித்துக்கொண்டு நின்றாளே தவிரக் கத்தவில்லை.

"நிஜமாம்மா?"

"நிஜம். உன் அண்ணனைக் கொன்னவன் வீடு வெளியே வந்துடுச்சு."

"என் வீடு?"

"வேற கட்டிக்கலாம்."

"எதை வச்சு? எங்கே?" தெஸ்பினு காத்திருந்தாள். கிறிஸ்தல்லு முக்காட்டை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தா மாட்டேன்னு சொல்லியிருப்பே."

"ஆமா. சொல்லியிருப்பேன்."

அவ்வளவுதான் அன்றைக்குப் பேச்சு. நான்காம் நாள் மாப்பிள்ளையின் அம்மா மரிக்கூ வந்தாள். காப்பி வேண்டாம் என்றாள், அதிலேயே தெரிந்துவிட்டது. "கிறிஸ்தல்லு அக்கா, உன் மகன் எங்களுக்கும் மகன்தான். நீ பண்ணினதைத் தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா என் பையன் பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டுப் போய்க் கம்பிவேலியிலயா குடித்தனம் பண்ணுவான்? செவுரு இருந்தாச் சொல்லியனுப்பு" என்று மோதிரத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். தெஸ்பினு அந்த மோதிரத்தை எடுத்து ஒரு கிண்ணத்தில் போட்டு மூடினாள். கீழ்த்துண்டைச் சுற்றி வேலி போட்டு, அரைச்சுவரை இடித்துச் சமன்படுத்தும் சத்தம் இரண்டு நாள் கேட்டது.

கிறிஸ்தல்லுவுக்கு வலிக்காமல் இல்லை. ஆனால் வலியைவிடப் பசி பெரிதாக இருந்தது. பதினாறாம் தேதியை நினைத்தால் சோறு இறங்கியது, தூக்கம் வந்தது. ஹம்பிஸ் எந்தக் கதவு வழியாக ஓடப் பார்ப்பான், யாரைக் கூப்பிடுவான், தன் பெயரைச் சொல்லிக் கெஞ்சுவானா என்று ஒவ்வொன்றாக நினைத்து நினைத்து ருசித்தாள். ஒரே ஒரு வேண்டுகோள்தான் வைத்தாள் தோஃபியிடம்.

"அவசரப்படாதே. நான் வந்து பார்க்கணும். என் முகத்தை அவன் பார்க்கணும்."

"பார்ப்பான் சித்தி."

ஆகஸ்ட் பதினாறாம் தேதி காலையில் கோயில் மணி அடித்தது. சிறுவர்கள் புதுக்கொடியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சிப்பாய்கள் முந்தின நாளே முளைகளுக்குப் பின்னால் போய்விட்டார்கள். கிறிஸ்தல்லு கறுப்பு உடுத்து, முக்காடு போட்டு, மேட்டில் பாதி தூரம் ஏறியிருந்தாள். எதிரே தோஃபி இறங்கி வந்துகொண்டிருந்தான். கூட வந்த பையன்கள் தரையைப் பார்த்து நடந்தார்கள்.

"கதவு பூட்டியிருக்கு. உள்ள ஆள் இல்ல. போன வாரமே முகாம் லாரியில உக்காத்தி வச்சு ஃபமகுஸ்தாவுக்குக் கொண்டுபோய், லண்டன் கப்பல்ல ஏத்திட்டானாம் அந்த ஹால்ஃபோர்ட். டிக்கெட் அவங்க செலவு."

அவள் அந்த மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். சுதந்திரம் கொண்டாட வந்த ஊர் அன்றைக்கு அவள் சாபத்தைத்தான் கேட்டது. கடல் அவனை விழுங்காமல் துப்பட்டும் என்றாள், துப்பிய இடத்தில் மண் அவனை ஏற்காமல் போகட்டும் என்றாள், தாகத்துக்குத் தண்ணீர் கேட்டு அவன் பேசுகிற மொழி ஒருவனுக்கும் புரியாமல் போகட்டும் என்றாள். தோஃபியையும் விடவில்லை. "மூணு வருஷம் மலையில என்னடா பண்ணினே, ஆடு மேய்ச்சியா?" அவன் பேசாமல் வாங்கிக்கொண்டான். தொண்டை கட்டிப்போன பிறகுதான் அவளை வீட்டுக்குக் கூட்டிவர முடிந்தது.

பத்து நாள் கழித்துப் பியேரிஸ் வந்தான். லார்னகாவிலிருந்து பஸ்ஸில் வந்தவன், சட்டையெல்லாம் புழுதி. தெஸ்பினுவின் பெயரைச் சொல்லிக் கேட்டு, அவள் கையில் ஒரு காகிதத்தையும் ஒரு சாவியையும் கொடுத்தான்.

"என்னது?" என்றாள் கிறிஸ்தல்லு.

"பட்டா அத்தை. கப்பலேறுறதுக்கு முந்தின நாள் ஹம்பிஸ் எங்க ஆபீசுக்கு வந்தாரு. வீட்டையும் நாலு தோனும் நிலத்தையும் தெஸ்பினு பேருக்குத் தானமா எழுதிட்டுப் போயிட்டாரு. என் ஞானப்பிள்ளையோட தங்கச்சி, சீதனத்துக்கு வச்சுக்கட்டும்னாரு. வேற ஒண்ணும் சொல்லல." கொஞ்சம் தயங்கினான். "அழுதாரு."

"அழுதானா?" கிறிஸ்தல்லு எழுந்தாள். "கொண்டா அதை. அடுப்பு எரியுது."

தெஸ்பினு காகிதத்தைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"கொடுடி! அது பிச்சை இல்ல, அது அவனோட எச்சில். செத்தவன் வாயில மண்ணு, இருக்கிறவ வாயில சக்கரையா? அந்த வீட்டுல அவன் தின்னான், அவன் படுத்தான், அங்க உக்காந்துதான் உன் அண்ணனை விக்கிறதுக்கு யோசிச்சான்!"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான்." தெஸ்பினுவின் குரல் உயரவில்லை. "ஸீனோனுக்காக நீ என் வீட்டைக் கொடுத்தே. இப்ப எனக்காக உன் பழியைக் கொடு. அதைவிட எனக்கு எழுதித்தர உன்கிட்ட வேற என்ன இருக்கு?"

"அவன் அதுக்குத்தான் கொடுத்திருக்கான்! என்னை வெட்கப்படுத்த!"

"இருக்கலாம். எனக்கு அவன் எதுக்குக் கொடுத்தான்கிறது வேண்டாம். என் வீட்டை நீ எதுக்கு எடுத்தேங்கிறதே எனக்குப் போதும்."

பியேரிஸ் மெதுவாக வாசலுக்கு நகர்ந்துவிட்டான். தெஸ்பினு கிண்ணத்தைத் திறந்து மோதிரத்தை எடுத்து விரலில் போட்டுக்கொண்டு, மரிக்கூவிடம் சுவர் இருக்கிறது என்று சொல்லப் போனாள்.

மரிக்கூவுக்குச் சுவர்தான் முக்கியம், அதற்குள் யார் இருந்தான் என்பது இல்லை. ஊர் முதலில் முகம் சுளித்தது, பிறகு வீட்டுக்கு ஏதடா பாவம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டது. வீட்டைக் கொளுத்துவேன் என்று குதித்த தோஃபியிடம், "நான் உள்ள இருக்கும்போது வந்து கொளுத்து அண்ணா" என்று தெஸ்பினு சொன்னாள். அவன் அப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை. செப்டம்பர் கடைசி ஞாயிறு கல்யாணம் என்று முடிவாயிற்று.

கல்யாணத்தன்று பெண்ணை அவளுடைய புதுவீட்டில்தான் அலங்கரிப்பார்கள். ஆலிவ் இலைப் புகை காட்டி, இடுப்பில் சிவப்புக் கச்சை கட்டிவிட வேண்டியவள் பெற்ற தாய். போக மாட்டேன் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்த கிறிஸ்தல்லு, ஞாயிறு காலை வயலின் சத்தம் கேட்டதும் கச்சையை எடுத்துக்கொண்டு மேடேறினாள். முற்றம் வரைக்கும் வந்தாள். நிலைப்படிக்கு ஒரு சாண் முன்னால் கால் நின்றுவிட்டது.

உள்ளே வெள்ளை உடையில் தெஸ்பினு நின்றாள். வயலின்காரன் வாசிப்பதை நிறுத்தினான்.

"உள்ள வாம்மா."

"நீ வெளியே வா. இங்க நின்னு கட்டிவிடுறேன்."

"பொண்ணு வெளியே வந்து கட்டிக்க மாட்டா. உள்ள வந்து கட்டு."

"அவன் வாசப்படியை நான் மிதிக்க மாட்டேன்."

"இது அவன் வாசப்படி இல்ல. என்னுது."

கிறிஸ்தல்லு காலைத் தூக்கப் பார்த்தாள். தூக்கினால் ஸீனோன் இரண்டாம் தடவை சாவான் என்று தோன்றியது. மகளைப் பார்த்தாள். மகளின் முகம் அச்சு அசலாகத் தன் முகமாக இருந்தது, மேட்டின்மேல் பேனா கேட்டு நின்ற அன்றைக்கு ஊர் பார்த்த முகம். ஒரு அடி அவளும் எடுத்து வைக்க மாட்டாள்.

கோயிலில் பாதிரியார் காத்திருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். மரிக்கூ வெளியே வந்து, கிறிஸ்தல்லுவின் கையிலிருந்து கச்சையை மெதுவாக உருவிக்கொண்டு, உள்ளே போய்த் தானே கட்டிவிட்டாள்.